நிலை நிற்கக் கதவை மாற்றுதல்

ஆடி மாதம் பிறந்தால் வல்வெட்டித்துறையின் ஒழுங்கைகளிலே சீவுளியின் ஓசை கேட்கத் தொடங்கும். இலண்டனிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகள் பாடசாலை விடுமுறையோடு குடும்பமாக ஊருக்கு வரும் காலம் இது. வந்தவர் பெற்றோரின் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது முதலிற் கண்ணிற் படுவது வாசற்கதவே. வெடித்த பலகையையும், துருப்பிடித்த பிணைச்சலையும், தோள்கொடுத்துத் தள்ளினாலன்றித் திறவாத நிலைமையையும் கண்டதும், "போகுமுன் இதை மாற்றிவிட வேண்டும்" என்று தீர்மானிக்கின்றனர். தீர்மானம் நல்லதே. ஆனால் மூன்று வாரத்தில் எல்லாம் முடியவேண்டும் என்ற அவசரத்தில், கதவோடு நிலையையும் பெயர்த்தெறிந்துவிட்டு, கடையில் ஆயத்தமாக விற்கும் நிலையையும் கதவையும் ஒருங்கே கொண்டுவந்து பொருத்தும் வழக்கம் இப்போது பரவி வருகின்றது. இவ்வழக்கம் தக்கதா என்பதையும், பழைய நிலையை நிற்கவிட்டுக் கதவை மாத்திரம் மாற்றுவது எவ்வாறு என்பதையும் இவ்வாரம் நோக்குவோம்.

கதவைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு வாரம் வேண்டுமோ என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். எங்கள் ஊரில் இன்று பல வீடுகளில் வசிப்போர் முதியவர் ஒருவர் அல்லது இருவர் மாத்திரமே. இரவிற் கதவு செவ்வையாகச் சாத்தப்படாவிடின் அவர்களுக்கு உறக்கமில்லை; மாரியிற் கதவு இறுகிக்கொண்டால் அவர்களால் அதனை இழுத்துத் திறக்க இயலாது. கதவுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர்; அதனை நாள்தோறும் திறந்து அடைப்பவர் வேறொருவர். பணம் கொடுப்பவர் ஆவணி பிறக்குமுன் விமானம் ஏறிவிடுவார். இருப்பவர்க்கோ ஐப்பசியும் கார்த்திகையும் வர இருக்கின்றன. ஆகவே இது சிறு விடயம் அன்று.

முதலில், நிலை என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். இரண்டு நிலைக்கால்கள், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு படி ஆகிய நான்கும் இணைந்ததே நிலை. வீடு கட்டும்போது நம்மவர் நாட் பார்ப்பது இதற்கே. நல்ல நேரத்தில், மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, பூசை செய்து, வீட்டுக்குரியோர் சூழ நிற்க நிலை வைக்கின்றோம். கதவு போடுவதற்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை. ஓடாவியார் தமக்கு வசதியான ஒரு நாளில் வந்து கதவைக் கொழுவிவிட்டுச் செல்வார். நிலை வீட்டோடு நிற்பது, கதவு தேய்ந்தபின் மாற்றத்தக்கது என்னும் அறிவு இவ்வழக்கத்திலேயே அடங்கியிருக்கின்றது.

வழக்கத்தை விட்டுக் கட்டட முறையை நோக்கினாலும் அதே முடிவுக்கே வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கல்வீடுகள் இங்குள்ள சுண்ணக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நிலையை முதலில் நிறுத்தி, அதனைச் சூழச் சுவரை எழுப்புவதே அக்கால முறை. மேற்சட்டத்தின் முனைகளும் கீழ்ப்படியின் முனைகளும் நிலைக்காலுக்கு அப்பால் சில அங்குலம் நீண்டு சுவருக்குள்ளே புதைந்திருக்கும். நிலையைக் கழற்றுதல் என்பது திருகாணி கழற்றுவது போன்ற செயலன்று. அலவாங்கினாற் சுவரை இடிக்கும் செயலே. சுண்ணாம்புச் சாந்து சீமெந்து போல இறுகியதன்று. ஓரிடத்தில் அடித்தால் அயலில் உள்ள கற்களும் அசையும். நிலைக்கு மேலே உள்ள சுவர் பனஞ்சட்டங்களின் மீது தங்கியிருப்பின், அவையும் இடம் பெயரும். பின்னர் அந்த இடைவெளியைச் சீமெந்தால் அடைக்கின்றனர். ஈரத்தை மெல்ல வெளிவிடும் சுண்ணாம்புச் சுவரிலே ஈரத்தைத் தடுத்து வைக்கும் சீமெந்து சேரும்போது, இரண்டு மூன்று மாரி கழியுமுன் அவ்விடம் வெடித்துப் பூச்சு உதிரக் காணலாம். ஒரு கதவை மாற்றப் போய் ஒரு சுவரைப் பழுதாக்கியதாக முடியும்.

மரத்தின் தரமும் எண்ணத்தக்கது. பழைய வீடுகளின் நிலைகளில் வன்னிக் காட்டின் முதிரையும் பாலையும், வளவிலே நின்று முற்றிய வேம்பும் காணப்படும். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவோடு வணிகம் செய்த காலத்தில் இரங்கூனிலிருந்து வந்த தேக்கும் சில வீடுகளில் உண்டு. முற்றிய பாலை மரத்தை நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும், அத்தனை கனமானது. அத்தகைய வைரமரத்தை இன்று விலை கொடுத்தும் எளிதிற் பெற முடியாது. எழுபது எண்பது ஆண்டு சுவருக்குள் நின்று, நெளிய வேண்டிய அளவு நெளிந்து, இனி நெளியாத நிலையை அடைந்த மரம் அது. புதிதாக வருவதோ பெரும்பாலும் இளமரம். வந்தபின்னரே நெளியத் தொடங்கும்.

இவ்வூருக்கு இந்த நியாயத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1930 ஆம் ஆண்டு இக்கரையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயரிட்டார். இவ்வூர் மாலுமிகள் செலுத்திச் சென்ற அக்கப்பல் 1938 இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் கட்டும் ஓடாவியார் முதலில் ஏராவையும் வங்கையும் நிறுத்துவார். பின்னரே பலகை பொருத்துவார். வங்கு எவ்வாறு வளைந்திருக்கின்றதோ அதற்கிணங்கப் பலகையைச் சீவுவாரேயன்றி, பலகைக்காக வங்கை வெட்டமாட்டார். நிலைக்குக் கதவு பொருத்தும் வேலையும் இதே நியாயத்தைப் பின்பற்றுவது. நிற்பதை அளந்து, வருவதைச் சீவ வேண்டும்.

எரிந்த கதவுகளும் இவ்வூரில் உண்டு. 1989 ஓகஸ்ட் 2 ஆம் திகதியும் அதனை அடுத்த நாட்களிலும் இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறையில் நிகழ்த்திய கொலைகளில் அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரியூட்டப்பட்டன. அவ்வாறு எரிந்த ஒரு வீட்டில், நெடுங்காலத்தின் பின் கதவு மாற்றிய வேலையை நான் அருகிருந்து பார்த்திருக்கின்றேன். எரிந்த கதவுக்குப் பதிலாக அந்நாளிலே கிடைத்த பலகையால் அடித்த கதவு அது, இற்றுப்போயிருந்தது. வீட்டில் இருந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. வெளிநாட்டிலிருந்த மகன் தொலைபேசியில், "எல்லாத்தையும் உடைச்சுப் போட்டு இரும்பு நிலையோடை புதுக் கதவைப் போடுங்கோ அம்மா, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்று சொல்லியிருந்தார். நிலைக்காலின் உட்புறம் முழங்காலளவிலிருந்து மேற்சட்டம் வரை கரிந்திருந்தமையே அவருடைய எண்ணத்துக்குக் காரணம்.

வந்த ஓடாவியார் அறுபது வயதினர். அவர் எதுவும் பேசாமல் உளியை எடுத்துக் கரியைச் சுரண்டினார். கால் அங்குலம் சென்றதும் செம்மண் நிறத்தில் மரம் தோன்றியது. சுத்தியலின் பிடியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக் கேட்டார்.

"ஆச்சி, கரி மேலோடைதான் நிக்குது. உள்ளுக்கை மரம் மணி மாதிரி இருக்கு. இதைக் கழற்றினால் சுவரும் சேர்ந்து வரும். கதவை மட்டும் மாத்துவம்."

"அப்ப அது நிக்கட்டும், தம்பி. கதவு எரிஞ்ச அண்டைக்கும் அதுதானே நிண்டது" என்றார் ஆச்சி. பின்னர், "மகனுக்கு நீரே சொல்லும், நான் சொன்னால் காசுக்குப் பயந்து சொல்லுறன் எண்டு நினைப்பான்" என்றும் சொன்னார்.

ஓடாவியார் தொலைபேசியை வாங்கி விளக்கினார். மகனும் இணங்கினார். நிலை அன்று தப்பியது தற்செயலன்று. கனத்த வைரமரம் தீயில் நிமிடத்திற்கு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் ஆழமே கரியாகும். அக்கரியே உள்மரத்துக்குப் போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கும். மெல்லிய பலகைக் கதவு எரிந்து விழுந்துவிடும். நிலையோ சுவருக்குள் பதிந்திருப்பதால், வெளியே தெரியும் முகமே பெரும்பாலும் தீப்படும். கரியைச் சுரண்டி, நல்ல மரம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பாராமல் எரிந்த நிலையெல்லாம் பயனற்றது என்று முடிவு செய்தல் தகாது.

நிலையும் இல்லாதுபோன வீடுகளின் துயரம் இதற்கு மேற்பட்டது. எங்கள் ஊருக்கு மேற்கே, வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு முதல் மக்கள் குடியிருக்க முடியாதிருந்த மயிலிட்டித் துறைப் பகுதியில் ஒரு பாகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அப்பகுதிகளுக்குத் திரும்பியோர் பலர் கண்டவை கூரையும் கதவும் யன்னலும் நிலையும் இல்லாத வெறுஞ் சுவர்களே. சிலருக்குச் சுவரும் இல்லை. நிலை நிற்கும் வீட்டுக்கு ஒரு கதவைச் செய்து மாட்டி அன்றிரவே விளக்கேற்றலாம். நிலை பெயர்க்கப்பட்ட வீட்டிலோ சுவரிலிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நிலை உறுதியாக நிற்கும் வீட்டில் நாமே அதனைப் பெயர்ப்பது எதற்காக?

இனிச் செய்முறைக்கு வருவோம். வேலையைச் செய்பவர் ஓடாவியாரே எனினும், செய்விப்பவருக்கும் அதன் ஒழுங்கு தெரிந்திருத்தல் நன்று.

முதலாவது, நிலையைச் சோதித்தல். கூரிய கத்திமுனையால் நிலைக்கால்களின் அடியை, தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை, இடைவிட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். ஈரம் ஏறுவதும் கறையான் புகுவதும் அவ்விடத்திலேயே. கத்தி எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அடி மாத்திரம் உளுத்திருந்தால் முழு நிலையையும் கழற்றத் தேவையில்லை. உளுத்த பகுதியைச் சாய்வாக அறுத்து நீக்கி, அதே சாய்வுக்கு அறுத்த வைரமரத்துண்டை ஒட்டுவைத்துப் பிணைக்கலாம். வெட்டின் சாய்வு, நீர் வெளிப்புறமாக வடியும் வகையில் அமைதல் வேண்டும். கப்பற் பலகைக்கு ஒட்டு வைக்கும் கை இவ்வேலையை நன்கு அறியும்.

இரண்டாவது, அளத்தல். பழைய நிலை எதுவும் நேரான சதுரமாக இராது என்று கருதியே நாடாவை எடுக்க வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்க. உயரத்தை இரு பக்கமும் அளக்க. பின்னர் மூலைக்கு மூலை இரண்டு அளவையும் எடுக்க. ஆறடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள நிலை செம்மையாக இருப்பின் மூலைக்கு மூலை 6 அடி 8½ அங்குலம் இருக்கும். ஒன்று அதிகமாகவும் மற்றையது குறைவாகவும் இருப்பின் நிலை ஒருபுறம் சாய்ந்துள்ளது. இன்னும் ஒரு சோதனை உண்டு. நான்கு மூலைகளையும் இரண்டு நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல்கள் நடுவிலே ஒன்றையொன்று தொட்டுநின்றால் நிலை ஒரே தளத்தில் உள்ளது. இடைவெளி இருப்பின் நிலை முறுக்கிக்கொண்டுள்ளது. எவ்வளவு இடைவெளியோ அதன் இரு மடங்கு முறுக்கம் என்று கொள்க. இதைக் காணாமற் பொருத்திய கதவு மேலே தொடும், கீழே தொடாது. எத்தனை தாழ்ப்பாள் வைத்தாலும் அது படியாது.

பிணைச்சல் வரும் நிலைக்காலுக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தலும் அவசியம். அக்கால் சாய்ந்திருப்பின் கதவு தானே திறக்கும், அல்லது தானே சாத்திக்கொள்ளும். அதற்காக நிலைக்காலை நிமிர்த்த முயல வேண்டாம். மேற்பிணைச்சலுக்கோ கீழ்ப்பிணைச்சலுக்கோ அடியில் மெல்லிய தகடு வைத்து, இரண்டு பிணைச்சலின் அச்சும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரச் செய்தாற் போதும்.

மூன்றாவது, கதவைச் செய்வித்தல். எடுத்த அளவுகளிற் பெரியதைக் கொண்டு, ஒவ்வொரு விளிம்பிலும் கால் அங்குலம் மிகையாக விட்டுச் செய்விக்க வேண்டும். பின்னர் கதவை நிலையிலே ஆப்பு வைத்து நிறுத்தி, நிலையின் கோட்டைக் கதவின் மேல் ஒற்றி வரைந்து, அக்கோட்டுக்குச் சீவ வேண்டும். கடையில் ஆயத்தக் கதவு வாங்குவோர் ஒன்று கேட்டறிக: உட்கூடுள்ள கதவாயின் அதன் விளிம்பில் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலமே கெட்டிமரம் இருக்கும். அதற்கு மேற் சீவினால் கூடு வெளிப்பட்டுவிடும். மேலும், வெளிவாசலுக்கு அத்தகைய கதவு ஏற்றதன்று. ஒட்டுப்பலகைக் கதவாயின் நீருக்குத் தளராத பசையினால் ஒட்டியதாக இருத்தல் வேண்டும். அன்றேல் முதல் மாரியிலேயே ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

பழைய நிலைகளின் உயரமும் கருதத்தக்கது. நான் பார்த்த பல நிலைகள் ஆறடிக்குக் குறைந்தவை. குனிந்தே புக வேண்டும். இன்று விற்கும் கதவுகளோ அவற்றினும் உயரமானவை. ஆதலின் பழைய நிலைக்குக் கதவு செய்விப்பதே வழி, வாங்குவது அரிது. தரைக்குப் புதிதாக மாபிள் அல்லது ஓடு பதிக்கும் எண்ணமிருப்பின், அதனை முதலில் முடித்த பின்னரே கதவுக்கு அளவெடுக்க வேண்டும். இவ்வொழுங்கு மாறியதால் அடியுரசும் கதவுகள் எத்தனையோ உள.

நான்காவது, பிணைச்சல். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள கெட்டிக் கதவு தேக்கானால் ஏறக்குறைய 34 கிலோ நிறையும், முதிரையானால் 50 கிலோவுக்கும் சற்று மேலும் இருக்கும். இந்நிறையை இரண்டு பிணைச்சலில் தூக்குவது தகாது, மூன்று வேண்டும். மேற்பிணைச்சல் இழுபடுவது, கீழ்ப்பிணைச்சல் அழுத்தப்படுவது. ஆகவே மூன்றாவதை நடுவில் வைப்பதினும் சற்று மேலே தள்ளி வைப்பது பயன் தரும். எங்கள் ஊர் வடக்கே கடலைப் பார்த்திருப்பது. வாடைக்காற்று உப்பை அள்ளி வந்து கதவிலே தெளிக்கும். சாதாரண இரும்புப் பிணைச்சல் இங்கே விரைவில் துருவேறிப் பருத்து மரத்தையும் பிளந்துவிடும். பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கினால் ஆனவையே தக்கவை. பிணைச்சல் எதனால் ஆனதோ திருகாணியும் அதனாலேயே ஆனதாக இருக்கட்டும். பித்தளைத் திருகாணி வைரமரத்தில் இறங்காமல் முறியும். அதற்கு ஓர் உபாயம் உண்டு. முதலில் துளையிட்டு, அதே அளவான இரும்புத் திருகாணியை ஏற்றிக் கழற்றி வழி செய்தபின், பித்தளையை ஏற்ற வேண்டும். பழைய கதவின் திருகாணித் துளைகளிலேயே புதியதை ஏற்ற வேண்டாம். அவற்றை மரமுளையும் பசையுமிட்டு அடைத்து, புதிதாகத் துளைத்தல் வேண்டும்.

மிகப் பழைய கதவுகள் பிணைச்சலில் அன்றிக் குடுமியிலே சுழல்வன. மேலும் கீழும் நீண்ட குடுமி நிலையின் குழிகளிலே நின்று திரும்பும். அவ்வகை நிலைக்குப் பிணைச்சற் கதவு போடும்போது குழிகளை வைரமரத்தால் அடைத்துவிடுதல் நன்று. கீழ்க்குழியில் நீர் தங்கினால் படி உளுக்கும்.

ஐந்தாவது, இடைவெளி. இங்கேதான் ஆடி மாதத்து வேலை கார்த்திகையிற் சோதிக்கப்படுகின்றது. மரம் நீளப்பாட்டில் ஏறக்குறைய மாறாது. அகலப்பாட்டில் ஈரமேறப் பருக்கும், உலரச் சுருங்கும். சோளகம் வீசும் வறட்சியிலே மரம் சுருங்கி நிற்கும்போது, ஒரு கடதாசியும் நுழையாதபடி நெருக்கமாகப் பொருத்தி, "என்ன அழகான வேலை" என்று பாராட்டுவோம். மாரி இறங்கியதும் கதவு பருத்து நிலையைக் கவ்விக்கொள்ளும். பாராட்டியவர் அப்போது கடல் கடந்து சென்றிருப்பார். வறட்சிக் காலத்தில் மாட்டும் கதவுக்கு மேலும் பக்கங்களிலும் எட்டில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி விடுக; ஒரு தீக்குச்சி நெருக்கமின்றி உள்ளே சென்றுவர வேண்டும். படிக்கு மேலே கால் அங்குலம் விடலாம். மழைக்காலத்திற் பொருத்துவதாயின் அத்தனை தேவையில்லை. வெயிலில் இடைவெளி தானே விரியும். மரம் நன்றாக உலர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பச்சை மரத்திற் செய்த கதவுக்கு எந்த அளவும் அளவாகாது.

சட்டமிட்டுப் பலகை கோத்த கதவுகளில், பலகை சட்டத்தின் காடிக்குள்ளே பசையின்றித் தளர்வாக இருப்பதைக் கண்டு சிலர் அது குறை என்று நினைத்துப் பசையிட்டு ஒட்டச் சொல்கின்றனர். அந்தத் தளர்வு வேண்டுமென்றே விடப்பட்டது. மாரியிற் பலகை பருக்க அதற்கு இடம் வேண்டும். ஒட்டிவிட்டால் ஒன்று பலகை வெடிக்கும், அல்லது சட்டம் விலகும்.

வர்ணம் பூசுவோர் பெரும்பாலும் முகம் இரண்டுக்கும் பூசி, மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் விட்டுவிடுவர். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கதவு நீரைக் குடிப்பது அவ்விரண்டு வாயாலுமே. நிலைக்குத்தாக நிற்கும் சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கின்றது. கதவைச் சீவிப் பொருத்திச் சரிபார்த்தபின் ஒருமுறை கழற்றி, ஆறு முகத்துக்கும் எண்ணெயோ வர்ணமோ பூசி, உலரவிட்டு, மீண்டும் மாட்ட வேண்டும். இதற்கு ஒரு நாள் மேலதிகமாகச் செல்லும். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்துவோர் பல ஆண்டுகளை இழக்கின்றனர். வடக்கு நோக்கிய கதவாயின் வெளிப்புறத்தின் அடியிலே ஒரு சாய்வான பட்டையை அடித்துவிட்டால், வாடையோடு வரும் மழைநீர் கதவின் கீழே நுழையாமற் படிக்கு அப்பால் விழும்.

ஈற்றில் வருவது பூட்டும் தாழ்ப்பாளும். பாக்குநீரிணைக்கு அப்பால் உள்ள திருமறைக்காட்டிலே வேதங்கள் அடைத்த திருக்கதவைத் திருநாவுக்கரசர் பாடித் திறந்தார். திருஞானசம்பந்தர் பாடி அடைத்தார் என்று பெரியபுராணம் கூறும். அதுவரை அடியார்கள் வேறொரு வழியாகவே உட்சென்று வணங்கி வந்தனர். திறக்கப்பெற்றதோடு நில்லாது, அது மீண்டும் அடைக்கப்படவும் வேண்டும் என்று நாயன்மார் விரும்பியதைச் சிந்திக்க. திறப்பதும் அடைப்பதும் ஒருங்கே இயலும்போதுதான் கதவு தன் கடமையைச் செய்கின்றது. கள்ளருக்கு அஞ்சி நாம் இன்று அடைப்பதையே எண்ணுகின்றோம். உள்ளிருந்தும் திறப்புப் போட்டாலன்றித் திறவாத பூட்டுக்களை வாங்குகின்றோம். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், அல்லது சமையலறையில் தீப்பிடித்தால், தனியே உள்ள முதியவர் இருளிலே திறப்பைத் தேடுவது எங்ஙனம்? வெளியிலிருந்து திறப்பாலும், உள்ளிருந்து கையாலும் திறக்கும் பூட்டே வேண்டும். மேல்தாழ்ப்பாள் வீட்டிலிருப்பவரின் தோள் உயரத்துக்கு மேற் செல்லலாகாது. குனிய முடியாதவருக்குக் கீழ்த்தாழ்ப்பாள் பயனற்றது. பொருத்துமுன் அவரையே அழைத்து, கை எட்டும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே கரித்துண்டால் ஒரு கோடு இடுவிக்கலாம்.

நிலையை எப்போதும் மாற்றலாகாது என்று நான் வாதிடவில்லை. நிலைக்கால் உச்சிவரை கறையான் அரித்திருந்தால், மேற்சட்டம் சுவரின் பாரத்தால் ஒடிந்திருந்தால், சக்கரநாற்காலி செல்ல வழி அகலமாக்க வேண்டியிருந்தால், நிலையை மாற்றுவதே முறை. அப்போதும் மேலே முட்டுக்கொடுத்துச் சுவரைத் தாங்கி, மெல்ல மெல்லக் கழற்றி, சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீளக் கட்டுவிப்பது நன்று. அது மேசனும் ஓடாவியும் சேர்ந்து செய்யும் வேலை. மூன்று வார விடுமுறைக்குள் அவசரமாக முடிக்கத்தக்கதன்று.

இவ்வாண்டு கதவு மாற்ற எண்ணியிருப்போருக்கு ஒரு விண்ணப்பம். கடைக்குச் செல்லுமுன் ஓடாவியாரை வீட்டுக்கு அழையுங்கள். கத்தியும் நூலும் தூக்குக்குண்டும் கொண்டு நிலையை அவர் சோதிக்கும்போது, அந்த வீட்டிலே மாரிகாலம் முழுவதும் இருக்கப்போகின்றவரும் பக்கத்தில் நிற்கட்டும். எந்தப் பக்கம் கதவு திறக்கவேண்டும், எது கனம், எது எட்டாது என்பதை அவரே சொல்லட்டும். வேலை முடிந்ததும் ஓடாவியாரிடம் ஒரு தவணை சொல்லி வைப்பதும் நன்று: கார்த்திகையில் முதற் பெருமழை பெய்து ஒரு வாரம் கழித்து அவர் சீவுளியோடு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதற்குரிய கூலியையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். கதவு இறுகியிருந்தால் ஒரு சீவலோடு வேலை முடியும். இறுகாதிருந்தால் வீட்டுக்காரர் கொடுக்கும் தேநீரை அருந்திவிட்டுப் போகட்டும். தனியே இருப்பவருக்கு அதுவும் ஓர் உதவியே.